பதிவேடுகளில் வாழும் பாட்டன்மார்

"ரிஷிமூலமும் நதிமூலமும் பார்க்கலாகாது" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஆயினும் தன் மூலத்தைத் தானே தேடிக் காண வேண்டும் என்னும் வேட்கை மனிதனை எளிதில் விடுவதில்லை. அவ்வேட்கையால் உந்தப்பட்டு, ஏறத்தாழ ஐயாயிரம் மைல் தொலைவிலிருந்து நம் புனே நகருக்கு வந்த ஒரு முதியவரைக் காணும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கிடைத்தது. அவரால் நான் கற்றுக்கொண்டவற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். நான் பட்டம் பெற்றவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதிவேடுகளோடு பழகியவன். ஆதலின் வரலாற்று ஆசிரியனாக அன்றி, பேரேடு பார்ப்பவனாகவே இதனை எழுதுகிறேன்.

அன்று மாலை பணி முடிந்து வெளியே வரும்போது, நிலையத்தின் வாயிலருகே வெள்ளையர் ஒருவரும் அவர் மனைவியாரும் ஆட்டோக்காரர் ஒருவரிடம் வழி கேட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தனர். ஐரிஷ் சிப்பாய்களுக்காகக் கட்டப்பட்ட தேவாலயம் எங்கே என்பது அவர்கள் கேள்வி. எம்ப்ரஸ் கார்டன் பக்கமுள்ள புனித பாட்ரிக் பேராலயத்தை நான் அறிவேன், உடன் சென்றேன். அங்கே அம்முதியவர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கத்தின் நகல் அது. குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், தந்தையின் தொழில், இருப்பிடம் என்று வரிசையாகக் கட்டங்கள். தொழில் என்னும் கட்டத்தில் சிப்பாய் என்றும், இருப்பிடம் என்னும் கட்டத்தில் பூனா என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அக்குழந்தை அவருடைய பாட்டனார்.

திரும்பும் வழியில் அவர் என்னைக் கேட்டார்: "உங்கள் முன்னோர் இவ்வூருக்கு எங்கிருந்து வந்தனர்?" குடியாத்தத்தின் பக்கம் ஒரு சிற்றூர் என்றேன், முதலில் வந்த என் பாட்டனாரின் பெயரையும் சொன்னேன். "அவருடைய தகப்பனார் பெயர் என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கடல் கடந்து வந்தவர் நான்கு தலைமுறையைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஓர் இரவும் ஒரு பகலும் ரயிலில் சென்றால் அடைந்துவிடக் கூடிய பூர்வீக ஊரை உடைய நான், மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிட்டேன். அந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

சிப்பாயாக வந்தவர்கள்

அயர்லாந்துக்காரர் பலர் நம் நாட்டிற்கு வந்தது ஆளுவதற்காக அன்று; பிழைப்பதற்காக. அந்நாட்டின் நிலம் பெரும்பாலும் பிறர் கையில் இருந்தது. உழுதவன் குத்தகை கொடுத்து, உருளைக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தான். 1845-ஆம் ஆண்டு அக்கிழங்குப் பயிரில் நோய் புகுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். பஞ்சத்திற்கு முன்னரே, 1830-இல், பிரிட்டிஷ் படையின் சிப்பாய்களில் நூற்றுக்கு 42 பேர் அயர்லாந்தில் பிறந்தவர்கள். மக்கள் தொகையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே என்பதை நோக்கினால், வறுமை எத்தனை பேரைத் துப்பாக்கி ஏந்தச் செய்தது என்பது விளங்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளையர் படையிலும் அவர்கள் திரளாகச் சேர்ந்தனர்.

1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் கிர்க்கியில் பேஷ்வாவின் படை தோல்வியுற்றது. அதன்பின் பூனா பெரியதொரு படை முகாமாயிற்று. முகாமிலிருந்த ஐரிஷ் சிப்பாய்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களுக்காக எழுந்ததே 1850-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட புனித பாட்ரிக் ஆலயம். பாட்ரிக் என்பவர் அயர்லாந்து மக்கள் தம் காவலராகப் போற்றும் அடியார். இன்று நம்மவர் பலர் அவ்வாலயத்தைக் கடந்து நாள்தோறும் செல்கின்றனர். அப்பெயரின் வரலாற்றை எண்ணுவோர் சிலரே.

தமிழராகிய நமக்கு இதில் மற்றொரு வியப்பும் உண்டு. கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படையும் பம்பாய் ஐரோப்பியப் படையும் பின்னர் அரசியாரின் படையில் சேர்க்கப்பட்டு, 1881-இல் 'ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' என்னும் ஒரே ரெஜிமெண்டின் இரு பட்டாளங்களாயின. டப்ளின் என்பது அயர்லாந்தின் தலைநகர். அப்படைக்கு உரிய வெற்றிப் பட்டியலில் இருந்த ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர், கிர்க்கி! வட ஆற்காட்டிலிருந்து வந்து கிர்க்கியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நம் சங்கத்தில் எத்தனையோ உள்ளன. அவர்களுடைய சொந்த ஊரும் வந்த ஊரும் ஓர் ஐரிஷ் படையின் பெருமைப் பட்டியலில் அருகருகே இடம் பெற்றிருந்தன. 1922-இல் அப்படை கலைக்கப்பட்டது.

சாம்பலாய்ப் போன ஏழு நூற்றாண்டு

அதே 1922-ஆம் ஆண்டு அயர்லாந்தின் வரலாற்றில் வேறோர் இழப்பையும் கொண்டுவந்தது. இங்கிலாந்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்போரும் மறுப்போரும் தமக்குள் போரிட்டனர். மறுப்போர் டப்ளின் நகரில் 'நான்கு நீதிமன்றங்கள்' என்னும் பெயருடைய கட்டடத்தில் தங்கினர். அதே வளாகத்தில்தான் நாட்டின் ஆவணக் காப்பகம் இருந்தது. ஜூன் 28-ஆம் நாள் பீரங்கித் தாக்குதல் தொடங்கியது. ஜூன் 30-ஆம் நாள் பெரியதொரு வெடியும் தீயும் எழுந்தன. ஏழு நூற்றாண்டுகளின் ஏடுகள் ஒரே பகலில் எரிந்தன. கருகிய தாள்கள் நகரெங்கும் பறந்து வீழ்ந்தன என்பர்.

எரிந்தவற்றுள் மன்னர்களின் பட்டயங்கள் மட்டுமல்ல, எளிய மக்களின் பெயர்களும் இருந்தன. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு குடிக்கணக்குகளும் சிறு பகுதிகள் நீங்கலாக அழிந்தன. 1861, 1871 ஆகிய ஆண்டுகளின் கணக்குகளை அரசாங்கமே முன்னர் அழித்துவிட்டிருந்தது. 1881, 1891 ஆண்டுக் கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக அரைக்கப்பட்டன. ஆக, முழுமையாக எஞ்சியவற்றுள் பழமையானவை 1901, 1911 ஆகிய இரண்டுமே. புராட்டஸ்டன்டு திருச்சபைப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் அத்தீயில் போயின. கத்தோலிக்கர் பதிவேடுகள் பிழைத்தன. ஏன் தெரியுமா? அவை தலைநகருக்கு அனுப்பப்படாமல், அந்தந்தப் பங்குக் கோயிலின் அலமாரியிலேயே கிடந்தமையால்! பின்னர் அயர்லாந்தின் தேசிய நூலகம் அவற்றைப் படச்சுருளில் பதிவு செய்தது. 2015-ஆம் ஆண்டு யாவரும் கட்டணமின்றிக் கணினியில் காணத் திறந்துவிட்டது.

அந்நாட்டார் இழப்பை எண்ணி அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. காப்பகத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் வுட் என்பார், எந்தெந்த ஆவணம் அங்கு இருந்தது என்று விளக்கும் வழிகாட்டி நூலை 1919-இல் வெளியிட்டிருந்தார். தீக்கு மூன்று ஆண்டு முன்னர் வந்த அந்நூலே, இழந்தது இன்னதென்று அறியத் துணை செய்தது. அவற்றின் நகல்கள் உலகில் எங்கெங்கு உள்ளன என்று அறிஞர் தேடினர். அவ்வாறு திரட்டியவற்றைக் கொண்டு, தீயின் நூறாவது ஆண்டாகிய 2022-இல், கணினி வழிக் காப்பகம் ஒன்றைத் திறந்தனர். மூலம் எரிந்தாலும் நகல் பிழைக்கும் என்பது இதனால் விளங்கும் உண்மை. அலுவலகத்தில் மூன்று பிரதிகள் கேட்கும்போது முணுமுணுக்கும் நம் போன்ற எழுத்தர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இந்தியாவில் எழுதிய ஏடு

சொந்த நாட்டில் ஏடு எரிந்தவர்க்கு இந்தியாவில் எழுதிய ஏடு கைகொடுத்தது. கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் குருமார்கள் பதிவு செய்து, அவற்றின் நகலை மாகாணத் தலைநகருக்கு அனுப்பினர். அங்கிருந்து லண்டனுக்கு நகல் சென்றது. மதராஸ் நகல்கள் 1698 முதலும், பம்பாய் நகல்கள் 1709 முதலும், வங்காள நகல்கள் 1713 முதலும் 1948 வரை உள்ளன. கத்தோலிக்கர் பதிவுகள் இவ்வரிசையில் காலம் தாழ்த்தே சேரத் தொடங்கின. இன்று இவையெல்லாம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பில் உள்ளன. பூனாவில் பிறந்த சிப்பாயின் குழந்தையை லண்டனில் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்பதன் காரணம் இதுவே.

இவ்வேடுகளினும் பயனுடையது படையில் சேரும்போது எழுதிய விவரப் பதிவு. சிப்பாயின் பெயர், வயது, உயரம், முகத்தின் நிறம், கண்ணின் நிறம், முன்பு செய்த தொழில், பிறந்த பங்கு, பிறந்த மாவட்டம் என்று அனைத்தும் அதில் இருக்கும். இவ்விவரம் அன்பினால் எழுதியதன்று. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. ஆனால் இன்று பேரனுக்கு வேண்டியதும் அதுவே. பிறந்த பங்கு இன்னதென்று தெரிந்துவிட்டால், அயர்லாந்தில் எரியாமல் நின்ற அப்பங்கின் ஏட்டைப் புரட்டலாம். பங்கு தெரியாதவன் நிலை, ஊர்ப் பெயர் இல்லாமல் 'பெருமாள், தமிழ்நாடு' என்று முகவரி எழுதிய கடிதத்தின் நிலைதான்.

தேடுவோர்க்கு இடையூறுகளும் உண்டு. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர் பலர். ஒரே பெயருடையோர் ஒரே படையில் பலர் இருப்பர். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய் சொன்னதை எழுத்தன் தன் காதில் விழுந்தபடி எழுதினான். ஐரிஷ் பெயர்களின் முன்னே வரும் 'ஓ' என்னும் எழுத்து சில தலைமுறைகளில் மறைந்தும் பின்னர்த் தோன்றியும் இருக்கும். அந்த 'ஓ' என்பதன் பொருள் அவர்கள் மொழியில் பேரன், வழித்தோன்றல் என்பதாகும். 'மக்' என்றால் மகன். பெயரிலேயே பாட்டனைச் சுமப்பவர்கள் அவர்கள். மூத்த மகனுக்குத் தந்தை வழிப் பாட்டன் பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாய் வழிப் பாட்டன் பெயரும் இடும் பழைய வழக்கமும் அவர்களிடம் இருந்தது. 'பேரன்' என்ற நம் சொல்லே, பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளில் 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததன்றோ? மொழி வேறு, மண் வேறு. ஆயினும் பாட்டனை மறவாதிருக்க இரு மக்களும் கண்ட வழி ஒன்றே.

மற்றோர் உண்மையையும் மறைக்கலாகாது. ஆண் பெயர் நிறைவாக எழுதப்பட்ட ஏட்டில் பெண் பெயர் பாதியோடு நிற்கும். சிப்பாய்களில் பலர் இந்நாட்டுப் பெண்களை மணந்தனர். 1687-ஆம் ஆண்டிலேயே கம்பெனியின் இயக்குநர்கள், சிப்பாய்க்கும் இந்நாட்டுப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆனால் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்குமாறு சென்னைக்கு எழுதினர். அத்தகைய தாயின் பெயர், ஞானஸ்நானத்தின்போது இட்ட ஒற்றைப் பெயராகவே பல இடங்களில் நிற்கும். அவள் தகப்பன் யார், ஊர் எது என்பதற்குக் கட்டமே இல்லை. அத்தாய்மாருள் தமிழ்ப் பெண்கள் எத்தனை பேரோ! ஐரிஷ் பாட்டனைத் தேடும் பேரன் பங்குக் கோயில் வரை சென்றுவிடுகிறான். தமிழ்ப் பாட்டியைத் தேடுபவன் முதற் படியிலேயே நின்றுவிடுகிறான்.

தாயத்தும் கடவுச்சீட்டும்

பழந்தாளில் என்ன இருக்கிறது என்று கேட்போர்க்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறுவேன். ஒன்று கதை, மற்றொன்று மெய்.

ருட்யார்ட் கிப்ளிங் 1901-இல் வெளியிட்ட 'கிம்' என்னும் புதினத்தின் நாயகன் லாகூர்த் தெருவில் திரியும் அநாதைச் சிறுவன். அவன் தந்தை ஓர் ஐரிஷ் படையில் சார்ஜெண்டாக இருந்து, பின் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, குடியினாலும் அபினியினாலும் அழிந்தவர். அவர் விட்டுச் சென்றவை சில தாள்களே. மகனின் பிறப்புச் சான்று அவற்றுள் ஒன்று. அவற்றைத் தோல் தாயத்தில் வைத்துத் தைத்து, வளர்த்தவள் அவன் கழுத்தில் கட்டியிருந்தாள். தந்தையின் படை அச்சிறுவனை அடையாளம் கண்டுகொண்டது அத்தாள்களால்தான். சிப்பாய் பணி முடிந்ததும் ரயில்வேக்கு வருதல் அக்காலத்தில் இயல்பு. கண்டாலாவிலிருந்து பூனாவுக்கு 1858-இல் பாதை திறந்து, 1863-இல் போர்காட் மலைப்பாதையும் முடிந்தபின், வண்டி ஓட்டவும் காவல் செய்யவும் அத்தகையோர் பலர் தேவைப்பட்டனர். இன்றும் ஐரிஷ் பெயருடைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பழைய ரயில்வே ஊர்களில் காணப்படுவது அதனால்தான்.

இரண்டாவது, புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரும் எழுத்தாளருமான ஸ்பைக் மில்லிகனின் வாழ்க்கை. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் நம் அண்டை ஊராகிய அகமதுநகரில் பிறந்தவர். இளமையில் பூனாவில் வளர்ந்து, இங்குள்ள இயேசு மரியாள் கான்வென்டில் படித்தவர். தந்தை பிரிட்டிஷ் படையில் இருந்தவர். பிற்காலத்தில் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றும், இந்தியாவில் பிறந்தமையாலும் தந்தை அயர்லாந்தில் பிறந்தமையாலும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுப் பெறுவதில் அவருக்கு இடையூறு நேர்ந்தது. அப்போது அவருக்குக் கைகொடுத்தது, தந்தை அயர்லாந்தின் ஸ்லைகோ நகரில் பிறந்தவர் என்னும் உண்மையே. அவர் அயர்லாந்தின் குடிமகனானார். 2002-இல் இறக்கும் வரை அவ்வாறே இருந்தார். பாட்டன் அல்லது பாட்டி அயர்லாந்தில் பிறந்தவர் என்று நிறுவினால் பேரன் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ள அந்நாட்டுச் சட்டம் இன்றும் இடம் தருகிறது. பழந்தாள் வெறும் பெருமைப் பொருளன்று. சில சமயம் அதுவே ஒருவனுக்கு நாட்டைத் தரும்.

கப்பலேறிய நம்மவர்

இஃது ஐரிஷ்காரரின் கதை மட்டுமன்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்றனர். 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறையில் கப்பலேறியவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தந்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், அங்க அடையாளம், ஜில்லா, தாலுக்கா, கிராமம் என்று பதிவு செய்தனர். ஐரிஷ் சிப்பாயின் பதிவிற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைக் காண்க! இருவரும் ஏழைகள். இருவர் பெயரையும் எழுதி வைத்தவர், அவர்கள் உழைப்பை விலைக்கு வாங்கியவர். செல்வனுக்குப் பட்டயமும் பத்திரமும் உண்டு. ஏழைக்கோ முதலாளியின் கணக்கேடே வரலாறு. இன்று நேட்டால் தமிழரின் பேரப்பிள்ளைகள் அக்கப்பல் ஏட்டை வைத்துக்கொண்டு ஆற்காட்டுப் பக்கம் தம் கிராமத்தைத் தேடி வருகின்றனர். மொரீசியஸ் தீவிலும் மோக்கா என்னுமிடத்தில் மகாத்மா காந்தி நிலையம் அத்தகைய ஏடுகளைக் காத்து வருகிறது.

நம் நிலை என்ன?

கடல் கடந்த தமிழனுக்கு ஏடு உண்டு. புனேக்கு ரயிலேறிய தமிழனுக்கு ஏது? படையின் பின்னே வந்தவர், 1869-இல் தொடங்கிய கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவர், தேஹு ரோடு கிடங்குகளுக்கு வந்தவர், ரயில்வேக்கு வந்தவர் என நம்மவர் பல வகையினர். நிலமிருந்தோர்க்கு ஊரில் சிட்டாவும் செட்டில்மெண்ட் பதிவேடும் உண்டு. நிலமில்லாமல் புறப்பட்டவர்க்கு அதுவும் இல்லை.

இருக்கும் சில பதிவுகளும் தெளிவாக இல்லை. பழைய பணிப்பதிவேடுகளைப் புரட்டினால் ஜூன் மாதம் முதல் தேதியில் பிறந்தோர் கூட்டம் கூட்டமாக இருப்பர்! பள்ளி திறக்கும் காலத்தில் தலைமையாசிரியர் இட்ட பிறந்தநாள் அது. பெயரோ இன்னும் சிக்கல். மராட்டிய நாட்டின் படிவங்கள் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கேட்கும். நமக்கு மூன்றாவது இல்லை. எங்கள் வீட்டிலேயே, மூத்த அண்ணனுக்குப் பள்ளியில் பாட்டனார் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினர்; எனக்கு ஊர்ப் பெயரை எழுதினர்; தம்பிக்கு அந்த இடத்தில் ஒரு முதலெழுத்து மட்டுமே நிற்கிறது. ஒரு தாய் வயிற்றில் பிறந்த மூவர், ஏட்டைப் பார்த்தால் மூன்று குடும்பத்தார்! நூறாண்டு கழித்துத் தேடும் பேரன் எங்களை எவ்வாறு ஒன்று சேர்ப்பான்?

இது வேடிக்கைக்கு மட்டும் உரியதன்று. என் தந்தையார் மறைந்தபின், அவர் பெயர் ஒரு தாளில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் ஓரெழுத்து வேறுபட்டும் இருந்தமையால், என் தாயாரின் குடும்ப ஓய்வூதியம் ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் நின்றது. பதிவேடு எழுதிப் பிழைக்கும் மகன் இருந்தும், தாயார் ஓரெழுத்திற்காக எட்டு மாதம் காத்திருந்தார்.

அந்த ஐரிஷ் முதியவரைக் கண்ட ஆண்டே விடுப்பெடுத்துக் காட்பாடி வழியாக எங்கள் ஊருக்குச் சென்றேன். எண்பது கடந்த எங்கள் பெரிய அத்தை திண்ணையில் இருந்தார். "அத்தை, தாத்தாவின் அப்பா பேரென்ன?" என்று கேட்டேன். சற்றும் யோசியாமல் சொன்னார். பெயர் மட்டுமன்று, அவர் உடன்பிறந்தார் எத்தனை பேர், அவர் மனைவி எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தக் கிணறு வெட்டும்போது அவர் கால் ஒடிந்தது என்பன எல்லாம் சொன்னார். "இத்தனை நாள் ஒருத்தரும் கேக்கலியேப்பா" என்றார். ஒரு ரயில் பயணமும் ஒரு மாலைப் பொழுதுமே எனக்கு ஆன செலவு. மறு ஆண்டு அத்தை காலமானார். நான் ஓராண்டு தாமதித்திருந்தால், எங்கள் வீட்டு ஆவணக் காப்பகமும் எரிந்திருக்கும்.

சங்கத்தாருக்கு விண்ணப்பம்

ஆதலின் நம் சங்கத்தார் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். கெட்டியான தாளில் பெரிய பேரேடு ஒன்று தைக்கச் செய்வோம். நம் காலனிக் குடும்பம் ஒவ்வொன்றிற்கும் இரண்டு பக்கம். முதலில் புனேக்கு வந்தவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, என்ன வேலைக்கு. அவருடைய தந்தை, தாய், பாட்டன், பாட்டி பெயர்கள். இங்கு பிறந்தவர், மணந்தவர், மறைந்தவர். பெண்ணின் பெயரோடு அவள் பிறந்த ஊரும் தந்தை பெயரும் தவறாமல் எழுதுவோம்; ஐரிஷ் ஏட்டில் நம் பாட்டிமார்க்கு நேர்ந்த குறை நம் ஏட்டில் நேரவேண்டா. நம் பிள்ளைகளில் பலர்க்குத் தமிழ் எழுத்துக் கைவரவில்லையாதலால், ஒவ்வொரு பெயரையும் தமிழில் மட்டுமன்றி மராத்தியிலும் எழுதுவோம். டப்ளின் தீயை மறவாமல், மூன்று நகல் எடுத்து மூன்று இடங்களில் வைப்போம்.

தொடங்கும் முறை எளிது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும். முதலில் வீட்டுப் பெட்டியில் உள்ள பள்ளிச் சான்று, பழைய ரேஷன் அட்டை, திருமண அழைப்பிதழ், பணிப்பதிவேட்டின் நகல் ஆகியவற்றை ஒன்று சேர்க்க. பின்னர் வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்க. அதன் பின்னரே ஊருக்கும் அலுவலகத்திற்கும் செல்க. ஏடு காத்திருக்கும், முதியோர் காத்திரார்.

2017-இல் அயர்லாந்தின் பிரதமரான லியோ வரத்கரின் தந்தை மும்பையில் பிறந்த மருத்துவர். பிரதமர் 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சிந்துதுர்க் மாவட்டத்தில் மால்வண் அருகேயுள்ள வரட் என்னும் தம் பூர்வீகச் சிற்றூருக்குக் குடும்பத்தோடு வந்து சென்றார். அயர்லாந்திலிருந்து பாட்டனைத் தேடி மராட்டிய நாட்டிற்கு வருவோர் வரிசையில், அந்நாட்டின் பிரதமரே வந்து நின்றார்! ஊர்ப் பெயர் அவர் குடும்பப் பெயரிலேயே தங்கியிருந்தது அவர் நற்பேறு. நமக்கு அந்தப் பேறு இல்லை. ஆதலால் எழுதித்தான் வைக்க வேண்டும்.

என் அத்தை சொன்ன பெயரை எங்கள் வீட்டு நோட்டில் எழுதினேன். என் மகள் அதனை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் அப்பெயர் எங்கள் வீட்டில் ஒலித்தது. அத்தகைய ஒலி நம் சங்கத்து வீடுகள் அனைத்திலும் எழுக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!